கையில் இல்லாததை ஏற்றுக்கொண்டால் நிம்மதி வருமா?

"நம் கட்டுப்பாட்டில் இல்லாததை ஏற்றுக்கொள்ளச் சொல்கிறது பழங்கால கிரேக்கத்தில் தோன்றிய ஸ்டோயிக் தத்துவம். நடைமுறைக்கு ஆகுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். வேலை போயிருக்கும், இல்லையென்றால் வீட்டில் யாருக்காவது உடம்பு முடியாமல் இருக்கும். எல்லாம் நல்லபடியாகப் போகும்போது யாரும் இதைக் கேட்பதில்லை.

ஆகும் என்பேன். ஆனால் உங்களை 'ஏற்றுக்கொள்' என்று சொல்கிறவர் யார் என்பதையும் பாருங்கள்.

எனக்குப் பிறந்த வீடு பண்ருட்டிப் பக்கம். 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. தாத்தா வைத்த முந்திரித் தோப்பு அப்படியே படுத்துவிட்டது. வேரோடு செம்மண் பெயர்ந்து ஆளுயரத்துக்கு நின்றது. அம்மா வரப்பிலேயே உட்கார்ந்து அழுதாள். அப்பா மழை விட்டதும் அரிவாளோடு இறங்கினார். ஒவ்வொரு மரத்தடியிலும் குனிந்து மண்ணைக் கிளறிப் பார்த்தார். ஒரு பக்க வேராவது பிடிப்போடு இருந்தால் கிளையைக் கழித்து, மண் அணைத்து, முட்டுக் கொடுத்தார். மற்றதெல்லாம் விறகுக்கு. ஊர் முழுக்க மரம் விழுந்து கிடந்ததால் வியாபாரி வைத்ததுதான் விலை. வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டுத்தான் கொடுத்தார். ராத்திரி படுத்ததும் தூங்கிவிட்டார். எங்களுக்குத்தான் தூக்கம் வரவில்லை.

அடுத்த வாரம் சென்னையிலிருந்து பெரியப்பா வந்தார். "எல்லாம் விதிப்பா, நிலத்தைத் தள்ளிவிட்டுடு" என்றார். வாங்க ஆளும் அவரே வைத்திருந்தார். அப்பா பதிலே சொல்லாமல் ஒட்டுக்கன்று எங்கே கிடைக்கும் என்று விசாரிக்கப் போய்விட்டார். காய்ப்புக்கு வர மூன்று நாலு வருஷம் ஆகும் என்று தெரிந்துதான்.

ஸ்டோயிக் தத்துவ ஆசிரியர் எபிக்டெட்டஸைப் பற்றி நான் படித்தது ரொம்ப நாள் கழித்து. அடிமையாக இருந்தவர், கால் வேறு ஊனம். நம் எண்ணம், விருப்பு, வெறுப்பு நம் கையில். உடம்பு, சொத்து, பேர், பதவி நம் கையில் இல்லை என்று பிரிக்கிறார். வசதியானவர்களின் பொழுதுபோக்குத் தத்துவம் என்று எழுதுகிறவர்கள் இந்த மனிதரின் கதையைப் படித்துவிட்டு வரலாம். இன்னொரு ஸ்டோயிக்கான மார்க்கஸ் அரேலியஸ் ரோமப் பேரரசர்தான், ஆனால் அவர் காலம் முழுக்கப் போரும் கொள்ளைநோயும்.

'விவசாயி நஷ்டத்தைத் தத்துவம் பேசி மூடுகிறாயா' என்று யாராவது வருவீர்கள். இல்லைங்க. புயலை ஏற்றுக்கொண்ட அதே அப்பா, கணக்கெடுப்பில் மரத்தைக் குறைத்து எழுதியதை ஏற்கவில்லை. மனுவோடு அலைந்தார். மனுப் போடுவது அவர் கையில் இருந்தது. 'இது நம்ம விதி நம்பிக்கைதானே' என்பவர்களுக்கு: ஸ்டோயிக்குகளும் விதியை நம்பினார்கள்தான். ஆனாலும் எப்படி நடந்துகொள்வது என்பது உன் பொறுப்பு என்றார்கள். நான் தத்துவம் படித்தவள் இல்லை, தெரிந்தவர்கள் திருத்தலாம்.

இவ்வளவு சொல்லும் எனக்கே ஒன்று மட்டும் ஆறவில்லை. இப்போது இருப்பது புதுச்சேரியில், கடற்கரைக்குப் பக்கத்துத் தெருவில். சனி, ஞாயிறு வந்தால் வெளியூர் கார் ஒன்று சரியாக எங்கள் கேட்டை அடைத்து நிற்கும். "ஏத்துக்கோயேன், நீதான் ஸ்டோயிக் ஆச்சே" என்று வீட்டுக்காரர் கிண்டல் செய்கிறார். எதற்கு ஏற்க வேண்டும்? காரை எடுக்கச் சொல்வது என் கையில்தானே இருக்கிறது. சொன்னால் "ரெண்டு நிமிஷம்க்கா" என்கிறார்கள். பிரியாணி சாப்பிட்டுவிட்டு வர ரெண்டு நிமிஷமா?