பிளாட்டினப் படலமும் எதிர்ஃபெர்ரோ காந்தக் காப்பானும்: வேலூர் வட்டார மாணவர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

காட்பாடி, முதுகலை மாணவி: ஐயா, நிக்கல் ஆக்சைடின் மேல் பிளாட்டினம் படியச் செய்து, காந்தப்புலத்தைப் படலத்தின் தளத்துக்குள் சுழற்றித் தடையை அளந்தேன். இட்ரியம் இரும்பு கார்னெட்டில் கிடைத்த வளைகோட்டுக்கு இது தலைகீழாக இருக்கிறது. கம்பிகளை மாற்றி இணைத்துவிட்டேனா?

இல்லை, உங்கள் அளவீடு சரியாகவே இருக்கக்கூடும். பிளாட்டினத்தில் மின்னோட்டம் பாயும்போது, ஸ்பின் ஹால் விளைவால், மின்னோட்டத்துக்குக் குறுக்காகத் தளத்துக்குள் அமைந்த ஸ்பின்கள் (எலக்ட்ரான்களின் நுண் காந்தத் திசைகள்) இடைமுகத்தை நோக்கி நகர்கின்றன. காப்பானின் காந்தத் திருப்புத்திறன்கள் அந்த ஸ்பின்களுக்கு இணையாக இருந்தால், ஸ்பின் ஓட்டம் பெரும்பாலும் திரும்பி வந்து, தலைகீழ் ஸ்பின் ஹால் விளைவின் வழியே மின்னோட்டத்துக்கு வலுச் சேர்ப்பதால் தடை குறைகிறது. செங்குத்தாக இருந்தால் ஸ்பின் ஓட்டம் உட்கவரப்பட்டுத் தடை உயர்கிறது. கார்னெட்டில் திருப்புத்திறன்கள் புலத்தின் பின்னாலேயே செல்கின்றன. எதிர்ஃபெர்ரோ காந்தமான நிக்கல் ஆக்சைடிலோ, புலம் போதிய அளவு வலுவாக இருக்கும்போது, திருப்புத்திறன்களின் எதிரெதிராக நிற்கும் இரு துணையணிகளும் புலத்துக்குச் செங்குத்தாகத் திரும்பிக்கொள்கின்றன. அதனால் வளைகோடு 90 பாகை நகர்ந்து, தலைகீழாகத் தெரிகிறது. கார்னெட்டில் ஸ்பின் ஹால் காந்தத்தடை எனப்படும் இவ்விளைவு 2013இலும், நிக்கல் ஆக்சைடில் இந்த எதிர்க்குறி 2017இலும் வெளியாயின.

குடியாத்தம், ஆசிரியர்: பிளாட்டினத்துக்குப் பதிலாக, ஸ்பின் ஹால் கோணம் எதிர்க்குறி கொண்ட டங்ஸ்டனைப் போட்டால் குறி மாறுமா?

மாறாது. விளைவு அக்கோணத்தின் இருமடியைப் பொறுத்தது.

ஆம்பூர், ஆய்வு மாணவர்: குரோமியம் ஆக்சைடு, பிளாட்டினம் அடுக்கில் ஜனவரியில் தெளிவாக வந்த சமிக்ஞை, மே மாதத்தில் காணாமல் போய்விட்டது. படலம் கெட்டுவிட்டதா?

முதலில் அறையின் வெப்பநிலையைப் பாருங்கள். குரோமியம் ஆக்சைடின் நீல் வெப்பநிலை ஏறத்தாழ 307 கெல்வின், அதாவது 34 டிகிரி செல்சியஸ். நம் ஊர்க் கோடையில் குளிர்சாதனம் நின்றுபோன அறை அதைத் தாண்டுவது பெரிய செய்தியன்று. தாண்டினால் எதிர்ஃபெர்ரோ காந்த ஒழுங்கு அழிகிறது, அதைச் சார்ந்த சமிக்ஞையும் மறைகிறது. நிக்கல் ஆக்சைடுக்கு (523 கெல்வின்) இந்தக் கவலை இல்லை.

எல்லோருக்குமான எச்சரிக்கை ஒன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கட்டிப் பிளாட்டினத்தின் தடை ஒரு கெல்வினுக்கு ஏறத்தாழ 0.39 சதவீதம் மாறும். 0.1 கெல்வின் நகர்வு என்பது பத்தாயிரத்தில் நான்கு பங்கு. மென்படலத்தில் இது சற்றுக் குறையும் என்றாலும், நாம் தேடும் விளைவும் இதே அளவினதுதான். வெப்பநிலையைப் பதிவு செய்யாத அளவீட்டை வைத்து என்னிடம் விளக்கம் கேட்க வேண்டாம்.

ராணிப்பேட்டை: ஐயா, ஹெமடைட்டிலும் எனக்குத் தலைகீழாக வருகிறதே?

முதல் பதிலைப் படியுங்கள். ஹெமடைட்டும் எதிர்ஃபெர்ரோ காந்தக் காப்பானே. திருப்புத்திறன்களின் திசை மாறும் மோரின் மாற்றத்துக்கு மேல், ஏறத்தாழ 260 கெல்வினைத் தாண்டினால், அதன் திருப்புத்திறன்கள் படிகத்தின் அடிப்பக்கத் தளத்தில் படுத்திருப்பதால் சிறு புலமே அவற்றைத் திருப்பப் போதும்.

திருப்பத்தூர்: வெள்ளி நானோதுகளின் எக்ஸ் கதிர் முகடுகளை விளக்க முடியுமா?

அது என் துறையன்று. உங்கள் நெறியாளரிடம் கேளுங்கள்.

வாலாஜாபேட்டை, ஆய்வு மாணவர்: மின் துடிப்புகளால் நீல் வெக்டரை (எதிரெதிர்த் திருப்புத்திறன்கள் நிற்கும் அச்சை) திருப்ப முடியும் என்று 2018இலேயே நிக்கல் ஆக்சைடில் காட்டிவிட்டார்களே. அதை ஏற்கத் தாங்கள் ஏன் தயங்குகிறீர்கள்?

தடை மாறியது என்பதும், நீல் வெக்டர் திரும்பியது என்பதும் ஒன்றல்ல. 2019இல் ஹெமடைட்டின் மேலும், காந்தமே இல்லாத அடித்தளங்களின் மேலும் பிளாட்டினத்தை வைத்துச் சோதித்தபோது, இரண்டிலும் துடிப்புக்குத் துடிப்பு சிறிது சிறிதாக ஏறி இறங்கும் ரம்பப் பல் வடிவச் சமிக்ஞை வந்தது. பலமான துடிப்பு பிளாட்டினத்தைச் சூடாக்கி, அணுக்களையும் இடம்பெயர்த்து, உலோகத்தின் தடையையே மாற்றுகிறது.

காட்பாடி, முதுகலை மாணவி: ஆனால் ரம்பப் பல்லைக் கழித்த பிறகும், ஒரேயடியாகத் தாவி நிலைக்கும் படி வடிவப் பகுதி எஞ்சுகிறதே, ஐயா? காந்தக் களங்கள் மாறுவதைப் படமாகவும் பிடித்திருக்கிறார்கள்.

நல்ல மறுப்பு, அதை ஏற்கிறேன். களங்கள் உண்மையில் மாறுகின்றன. எதனால் மாறுகின்றன என்பதே என் கேள்வி. 2021இல் நிக்கல் ஆக்சைடில் நேரடியாக எடுக்கப்பட்ட படங்களை, துடிப்பின் வெப்பத்தால் படிகத்தில் உண்டாகும் திரிபைக் கொண்டே விளக்க முடிந்தது. ஸ்பின் ஓட்டம் திருப்புத்திறன்களின் மேல் செலுத்தும் ஸ்பின் திருப்புவிசை தேவைப்படவில்லை.

வாலாஜாபேட்டை: அப்படியானால் ஸ்பின் திருப்புவிசை என்பதே பொய்யா?

அப்படி நான் எங்கே சொன்னேன்? ஒரே அடுக்கில் இரண்டும் சேர்ந்து செயல்படலாம். வெப்பத்தின் பங்கைப் பிரித்தெடுக்காமல் மற்றதற்குப் பெயர் சூட்டக் கூடாது என்பதே என் வாதம்.

ஆற்காடு: ஐயா, வளைகோடு ஏன் தலைகீழாக…

முதல் பதில்.

காட்பாடி, முதுகலை மாணவி: ஒப்பீட்டு மாதிரிக்கு எந்த அடித்தளத்தைப் பயன்படுத்தலாம்?

நிக்கல் ஆக்சைடை வளர்த்த அதே மக்னீசியம் ஆக்சைடு அடித்தளத்தின் மேல், அதே தடிமனில் வெறும் பிளாட்டினத்தைப் படியச் செய்து, அதே வடிவில் செதுக்கி, அதே துடிப்புகளைச் செலுத்துங்கள். ஹெமடைட்டாக இருந்தால் சஃபையர். இரண்டு மாதிரிகளின் தரவையும் வெப்பநிலைப் பதிவோடு ஒன்றாக அனுப்புங்கள். படி வடிவம் எஞ்சுகிறதா என்று சேர்ந்து பார்ப்போம்.