ஒரு நடைக்கு ஒரு புலன்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஓவியக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இந்த செமஸ்டர் ப்ராஜெக்டுக்கு ‘ஐம்புலன்களில் என் நகரம்’ என்று தலைப்பு. சென்னை ஜார்ஜ் டவுனை எடுத்திருக்கிறேன். நண்பர்களின் கண்ணைக் கட்டி அங்கே நடத்திச் சென்று, அவர்கள் சொல்வதை வைத்து ஐந்து பேனல் செய்யலாம் என்று எண்ணம். முன்னோட்டமாகத் தனியே போய் வந்தேன். கையில் மிஞ்சியது வெறும் போட்டோக்கள். எங்கிருந்து தொடங்குவது?

ஒரு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

இடம் சரியான இடம். தெருவுக்கு ஒரு வியாபாரம் என்ற பழைய ஏற்பாடு அங்கே இன்னும் மிச்சமிருக்கிறது. ஆண்டர்சன் தெருவில் காகிதமும் கல்யாணப் பத்திரிகையும், கோடவுன் தெருவில் துணி, பத்ரியன் தெருவில் பூ, ராசப்ப செட்டி தெருவில் நாட்டு மருந்து. எல்லாம் நடை தூரம். ஐந்து புலனையும் ஒன்றாகக் கூட்டிப் போனதுதான் சிக்கல். அப்படிப் போனால் கண்ணே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும், மற்ற நான்கும் சும்மா வரும். ஒரு நடைக்கு ஒரு புலன் போதும். அன்றைக்கு கேமரா வேண்டாம்.

கண்ணைக் கட்டி நடத்துவதை விட்டுவிடுங்கள். மீன்பாடி வண்டியும் தலைச்சுமையும் போகிற சந்துகளில் கண் திறந்தவர்களே இடிபடுகிறார்கள். கண் கட்டியவரின் கவனமெல்லாம் அடுத்த காலடியில்தான் இருக்கும். மூக்கிலும் காதிலும் எதுவும் ஏறாது. நண்பரை டீக்கடை பெஞ்சில் உட்கார வைத்து, 5 நிமிடம் கண்ணை மூடச் சொல்லி, அவர் சொல்வதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

முதல் நடை மூக்குக்கு. சென்ட், மல்லிகைப்பூ, வெற்றிலை எதுவும் இல்லாமல் போங்கள். ஒரே மணத்தில் சில நிமிடம் நின்றால் மூக்குக்கு அது பழகிவிடும், அப்புறம் தெரியாது. அதனால் கடையை நெருங்கும்போதே குறித்துவிடுங்கள். அடுத்ததற்குப் போகுமுன் முழங்கை மடிப்பை ஒரு முறை முகர்ந்துகொண்டால் மூக்கு தெளியும். நோட்டில் ஒவ்வொரு இடத்துக்கும் நான்கு விவரம்: எங்கே, எதிலிருந்து, 1 முதல் 5 வரை எவ்வளவு வலு, எத்தனை அடி தள்ளி மறைகிறது. ‘நல்ல வாசனை’ என்று எழுதினால் பேனல் செய்ய உட்காரும்போது அது உதவாது. நெடியா, காந்தலா, மக்கலா, வீச்சமா என்று எழுதுங்கள்.

காற்றையும் குறிக்க வேண்டும். பென்சில் முனையில் ஒரு நூல் கட்டிப் பிடித்தால் போதும். (ஊதுபத்தி கொளுத்திப் பார்க்காதீர்கள், அன்றைய வேலை அதோடு முடிந்தது.) துறைமுகம் பக்கத்திலேயே இருப்பதால், கோடையில் நண்பகலை ஒட்டிக் கடற்காற்று வந்ததும் காலையில் போட்ட வரைபடம் பொய்யாகிவிடும். அதையே பேனலாக்கலாம்: ஒரே தெருவுக்குக் காலை ஒன்று, மாலை ஒன்று. கேட் மெக்லீன் என்ற வடிவமைப்பாளர் எடின்பரோவுக்கும் ஆம்ஸ்டர்டாமுக்கும் வாசனை வரைபடங்கள் போட்டிருக்கிறார். மணம் கிளம்பும் இடத்தில் ஒரு புள்ளி, சுற்றிலும் வளையங்கள்; காற்று போகிற பக்கம் வளையம் நீண்டு கிடக்கும். அந்த முறையைத் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

கண்காட்சியில் முகரக் கொடுக்க ராசப்ப செட்டி தெருவில் வெட்டிவேர், வசம்பு, கிச்சிலிக்கிழங்கு, கார்போக அரிசி என வகைக்கு 50 கிராம் வாங்கினால் போதும். தனித்தனிக் கண்ணாடி பாட்டில், வாயில் மல் துணி, மேலே மூடி. திறந்த தட்டில் வைத்தால் அரை மணியில் எல்லாம் கலந்து நாட்டு மருந்துக் கடை மணம் ஒன்றாகிவிடும். பூவை வைக்காதீர்கள், மறுநாளே அழுகல் நாற்றம் வந்துவிடும்.

ஓசைக்கு போன் போதும், ஆனால் அதோடு வரும் ரெக்கார்டர் பெரும்பாலும் சத்தத்தைத் தானே கூட்டிக் குறைத்துச் சமன் செய்துவிடும். ஹாரனும் காகிதக் கட்டு விழும் ஓசையும் ஒரே உயரத்தில் கேட்கும். தானியங்கி அளவை அணைக்க வழியுள்ள செயலி ஒன்றைப் போட்டு, வேவ் (wav) கோப்பாக, 48 கிலோஹெர்ட்ஸில் பதியுங்கள். செயலியின் அளவுகாட்டியில் உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல் வைத்தால் ஹாரன் அடித்தாலும் ஒலி உடையாது. போனை ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். மைக் துளைக்கு முன் ஒரு துண்டு ஸ்பாஞ்சு வைத்தால் காற்றிரைச்சல் குறையும். நடந்துகொண்டே பதிந்தால் உங்கள் செருப்புச் சத்தம்தான் மிஞ்சும். ஓரிடத்தில் நின்று மூன்று நிமிடம். கண்ணாடிக் கடை வாசலில் நின்றால், அறுக்கும் சக்கரம் கீச்சென்று இழுபடுவதும், ஒரு நொடி விட்டு டக்கென்று கண்ணாடி முறிவதும் கிடைக்கும். அந்த ஒரு நொடி இடைவெளியை வெட்டிவிடாதீர்கள்.

தொடுகைக்கு ஞாயிறு காலை போங்கள். பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும், ஷட்டர் கிடைக்கும். காகிதத்தை வைத்துத் தேய்த்தெடுப்பதுதான் வேலை. ஓவியர் மாக்ஸ் எர்ன்ஸ்ட் 1925இல் மரத்தரையை இப்படித்தான் எடுத்தார். ஜெராக்ஸ் தாள் 70, 80 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) இருக்கும், நுண்ணிய வரி அதில் விழாது. 40 முதல் 50 ஜிஎஸ்எம் தாள் வாங்குங்கள். முதலில் உலர்ந்த துணியால் துடையுங்கள், ஷட்டரில் கிரீஸ் இருக்கும். நான்கு மூலையும் மாஸ்கிங் டேப். மெழுகு கிரேயானின் உறையைக் கழற்றிப் படுக்கவைத்து, ஒரே திசையில் தேய்க்க வேண்டும். திசை மாறினால் தாள் நகர்ந்து உருவம் இரட்டிக்கும். ஆயில் பேஸ்டல் வெயிலில் இளகி அப்பிக்கொள்ளும். கோயில் கல்லில் இதைச் செய்யாதீர்கள். வாட்ச்மேன் இருந்தால் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

சுவைக்குத் தனிப் பேனல் தேவையா என்று யோசியுங்கள். மின்ட் தெரு முறுக்கு சாண்ட்விச்சை வரையப்போனால் அது சாப்பாட்டு விமர்சனமாகிவிடும். உங்கள் கல்லூரி ஆசிரியர் ஐந்தும் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால், முறுக்கு நொறுங்கும் சத்தத்தை மட்டும் பதிந்து ஓசைப் பேனலோடு சேர்த்துவிடுங்கள்.