ஆயாவின் குத்துவிளக்கு அஞ்ஞானமா?

கேள்வி: கத்தோலிக்கர்கள் குத்துவிளக்கு ஏற்றுவது, தேர் இழுப்பது, தாலி கட்டுவது எல்லாம் அஞ்ஞானப் பழக்கம், கிறிஸ்துமஸே பேகன் பண்டிகை என்கிறார்களே, உண்மையா? வீட்டில் இருப்பதை எல்லாம் அகற்றிவிட வேண்டுமா?

உங்கள் வீட்டில் யாரோ யூடியூபில் ஒரு பிரசங்கம் கேட்டுவிட்டு வந்து, சாமி அலமாரியில் இருக்கிற எதையோ காட்டி "இதைத் தூக்கிப் போடு" என்று சொல்லியிருக்கிறார்கள். இல்லாவிட்டால் "அகற்றிவிட வேண்டுமா" என்று கேட்டிருக்க மாட்டீர்கள். அவசரப்படாதீர்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். எங்கள் வீட்டில் அவசரப்பட்டுவிட்டார்கள்.

நான் இறையியல் படித்தவள் இல்லை. அரியாங்குப்பம் பக்கம் பிறந்து கடலூரில் வாழ்க்கைப்பட்டவள். எங்கள் ஆயாவிடம் ஒரு பித்தளைக் குத்துவிளக்கு இருந்தது. உச்சியில் அன்னம் இருக்க வேண்டிய இடத்தில் சிலுவை இருக்கும். சனிக்கிழமை சாயங்காலம் புளி போட்டுத் துலக்கி, ஐந்து முகமும் ஏற்றி, மாதா படத்துக்கு முன்னால் வைத்துச் செபமாலை சொல்வார். வீட்டில் யாராவது இறந்துபோனால் தலைமாட்டில் ஒரு முகம் மட்டும் எரியும். ஆயா இறந்தபோது அதை நான்தான் ஏற்றினேன்.

அடுத்த வருஷம் என் அண்ணன் ஒரு சபைக்குப் போக ஆரம்பித்தார். சபைக்குப் போகிறவர்களை இழிவாகப் பேசுகிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். அண்ணன் குடியை விட்டது அங்கே போய்த்தான், அதற்கு நான் இன்றைக்கும் நன்றி சொல்கிறேன். ஆனால் வீட்டைச் சுத்திகரிக்க வேண்டும் என்று அங்கே சொன்னார்களாம். நான் ஊருக்குப் போவதற்குள் விளக்கு, வில்லியனூரிலிருந்து வாங்கி வந்த மாதா சுரூபத்தின் பித்தளைப் பீடம், தீர்த்தச் செம்பு எல்லாம் பழைய பாத்திரக் கடைக்குப் போய்விட்டன, கிலோ கணக்கில். கடைக்கு ஓடினேன். முந்தின நாளே லோடு ஏற்றி அனுப்பியாகிவிட்டது என்றார்கள்.

"குத்துவிளக்கு லட்சுமிக்கு ஏற்றுறது. அதுல சிலுவையை வெச்சா அது வேதமாயிடுமா?" என்று அண்ணன் கேட்டார். வேதம் என்று எங்கள் பக்கம் சொல்வது கிறிஸ்தவத்தை. "ஆயா மாதாவுக்குத்தானே ஏத்துச்சு" என்பதைத் தவிர எனக்கு அன்றைக்குப் பதில் தெரியவில்லை. அழுதுகொண்டே பஸ் ஏறினேன். அதற்கு அப்புறம்தான் தேடித் தேடிப் படித்தேன்.

பேகன் என்ற சொல்லுக்கு மூலமான லத்தீன் சொல்லுக்கு முதலில் மதம் சம்பந்தமான பொருளே கிடையாது. நாட்டுப்புறத்து ஆள் என்றுதான் அர்த்தம். பிற்பாடுதான் கிறிஸ்தவர் அல்லாதவர்களை அப்படிச் சொன்னார்கள். நம் பக்கத்தில் அந்தச் சொல்லின் வேலையை 'அஞ்ஞானி' செய்தது. ஆயாவும் பக்கத்து வீட்டுக்காரர்களை அஞ்ஞானி என்றுதான் சொல்வார். அவர்கள் வீட்டுப் பொங்கல் வந்தால் முதல் வாய் ஆயாவுக்குத்தான். அந்த வார்த்தை ஆயாவுக்கு ஒரு சாதாரண அடையாளம், அவ்வளவுதான்.

கிறிஸ்துமஸ் விஷயம். ரோமாபுரியின் 354ஆம் ஆண்டு நாள்காட்டித் தொகுப்பு ஒன்று இருக்கிறது. அதில் டிசம்பர் 25 'வெல்லப்படாதவரின்' பிறந்தநாள் என்று இருக்கிறது. அது சூரிய தேவனைக் குறிக்கிறது என்பார்கள். அதே தொகுப்பில் இன்னொரு பகுதியில், கிறிஸ்து பெத்லகேமில் பிறந்ததும் அதே நாள்தான் என்று இருக்கிறது. மார்ச் 25 கர்ப்பம் தரித்த நாள் என்று வைத்து, ஒன்பது மாதம் கூட்டித்தான் அந்தத் தேதி வந்தது என்று சொல்கிற அறிஞர்களும் இருக்கிறார்கள். அந்த வழக்கு இன்னும் தீரவில்லை. தீராத வழக்கில் ஒரு பிரசங்கி தீர்ப்புச் சொல்கிறார் என்றால் கொஞ்சம் யோசியுங்கள்.

எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது பாப்பரசர் முதலாம் கிரகோரியார் 601இல் எழுதிய கடிதம். இங்கிலாந்துக்குப் போய்க்கொண்டிருந்த மெல்லித்துஸ் என்ற துறவிக்கு எழுதியது. அவர்களுடைய கோயில்களை இடிக்காதீர்கள், சிலைகளை மட்டும் அகற்றித் தீர்த்தம் தெளித்துப் பீடம் வையுங்கள், மாடு வெட்டிப் பந்தி போடுகிற வழக்கம் இருக்கட்டும், கடவுளுக்கு நன்றி சொல்லிச் சாப்பிடட்டும் என்கிறார். இதற்குச் சில வாரங்களுக்கு முன்னால் அந்த நாட்டு ராஜாவுக்கு இடிக்கச் சொல்லி எழுதியவரும் இவரேதான். யோசித்து மனசை மாற்றிக்கொண்டிருக்கிறார்.

எல்லோரும் அப்படி மாற்றிக்கொள்ளவில்லை. ஜெர்மனியில் வேதம் போதிக்கப் போன போனிபாஸ் என்ற துறவி, இடி தேவனின் ஓக் மரத்தை வெட்டி, அந்த மரத்திலேயே சிற்றாலயம் கட்டினார். ஐரோப்பா வரை எதற்கு, புதுச்சேரியில் 1748இல் பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளே காலத்தில் வேதபுரீஸ்வரர் கோயிலை இடித்தார்கள். அவரிடம் துபாஷாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். அதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அது தப்பு. கத்தோலிக்கச்சியாகவே சொல்கிறேன், தப்பு.

"எங்களிடமிருந்து திருடிக்கொண்டீர்கள்" என்று எழுதத் தயாராக இருப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஐரோப்பாவிலும் இப்போது பழைய தெய்வங்களிடம் திரும்பிப் போகிறவர்கள் இதைச் சொல்கிறார்கள். ஐஸ்லாந்தில் அவர்கள் சங்கத்துக்கு 1973இல் அரசு அங்கீகாரமே கிடைத்தது. அவர்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் எங்கள் முன்னோர் கோயிலுக்குள் கால் வைக்க விடப்படாதவர்கள். எந்தக் கோயிலில் போய் எதைத் திருடினார்கள்? விளக்கு அவர்கள் வீட்டில் இருந்தது. வேதத்தில் சேரும்போது வீட்டு விளக்கை யாரும் வெளியே வைத்துவிட்டு வருவதில்லை.

அண்ணனிடம் அப்புறம் ஒருநாள் கேட்டேன். அரிக்கமேட்டில் 1945இல் தொல்லியல் அறிஞர் வீலர் தோண்டியபோது ரோமானிய மதுச்சாடிகளின் உடைசல் கிடைத்தது, நம் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். அந்த ரோமர்கள் தங்கள் தேவர்களுக்கு ஊற்றியது திராட்சை ரசம். உங்கள் சபையில் திருவிருந்துக்கு எடுப்பதும் திராட்சை ரசம். அது மட்டும் எப்படிச் சுத்தமானது? அவர் பதில் சொல்லவில்லை, கோபப்படவும் இல்லை.

கேள்விக்கு வெளியே போகிறேன் என்று தெரியும், ஆனாலும் இதைச் சொல்லாமல் விட முடியாது. இந்த அஞ்ஞானப் பட்டியல் போடுகிற வேலை புதுசு இல்லை. 1704 ஜூன் 23 அன்று ரோமிலிருந்து பாப்பரசரின் தூதராக வந்திருந்த தூர்னோன் புதுச்சேரியிலேயே உட்கார்ந்து ஒரு ஆணை போட்டார். பிள்ளையார் உருவம் போட்ட தாலி கூடாது, கல்யாணத்தில் தேங்காய் உடைக்கக் கூடாது, நெற்றியில் சாம்பல் கூடாது, பெண் பெரியவளானால் கொண்டாடக் கூடாது. அதே ஆணையில் இன்னொன்றும் இருந்தது: சேரியில் நோயாகக் கிடக்கிறவர் வீட்டுக்குள் போய்க் குருக்கள் திருவருட்சாதனம் கொடுத்தே ஆக வேண்டும். இந்த ஒன்றைத்தான் செய்ய முடியவில்லை. கடைசியில் 1744இல் பாப்பரசர் 14ஆம் பெனடிக்ட் காலத்தில், சேரிக்கென்று தனிச் சாமியார்கள் என்று ஏற்பாடானது. தேங்காயைத் தடுக்க முடிந்தவர்களுக்குத் தீட்டைத் தடுக்க முடியவில்லை.

எங்கள் ஊரில் நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது மாதா தேர் எங்கள் தெரு முனை வரைக்கும் வந்து திரும்பிவிடும். ஆயா முனையிலேயே மெழுகுவர்த்தியோடு நிற்பார். தேர் அஞ்ஞானமா என்று இவ்வளவு பேர் கேட்கிறீர்கள். அது ஏன் திரும்பியது என்று அன்றைக்கும் யாரும் கேட்கவில்லை. வேதத்துக்கு வெளியிலிருந்து வந்தது, கட்டாயம் தூக்கிப் போட வேண்டியது ஒன்று உண்டென்றால் அது இந்தத் தீட்டுதான். இதை யாரும் பழைய பாத்திரக் கடைக்கு எடுத்துப் போவதில்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். விருத்தாசலம் பக்கம் கோணான்குப்பத்துக்கு ஒருமுறை போய் வாருங்கள். வீரமாமுனிவர் மாதாவுக்குச் சேலை கட்டிப் பெரியநாயகி என்று பெயர் வைத்த கோயில் அது. விருத்தாசலம் சிவன் கோயிலில் இருக்கும் அம்மனும் பெரியநாயகிதான். நம் திருப்பலிப் பூசையில் ஆரத்தி எடுக்க 1969இல் ரோமே அனுமதித்துவிட்டது. அதனால் கத்தோலிக்கராக நீங்கள் விளக்கு ஏற்றுவதில் எந்தக் குற்றமும் இல்லை. உங்கள் மனசு ஒப்பவில்லை என்றால் ஏற்றாதீர்கள், அதுவும் உங்கள் உரிமை. ஆனால் எடைக்குப் போடாதீர்கள். வீட்டில் வயசான ஒருவர் அதைத் துலக்கியிருப்பார், அவரிடமோ அவர் பிள்ளைகளிடமோ ஒரு வார்த்தை கேளுங்கள். யாருமே வேண்டாம் என்றால் இந்தப் பதிலுக்குக் கீழே எழுதுங்கள். கடலூரிலிருந்து எவ்வளவு தூரமானாலும் நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.