அம்மா தொட மறுக்கும் செருப்பு

கேள்வி: அம்மாவுக்குப் பதினெட்டு வருடமாகச் சர்க்கரை. உள்ளங்காலில் வந்த புண் இப்போதுதான் ஆறியிருக்கிறது. எம்.சி.ஆர். (மைக்ரோசெல்லுலார் ரப்பர் என்ற மெத்தென்ற ரப்பர்) செருப்பு வாங்கிப் போடுங்கள், வீட்டுக்குள்ளும் கழற்றாதீர்கள் என்கிறார் டாக்டர். அம்மாவோ, "அது குஷ்டரோகி போடுற செருப்பு" என்று தொடவே மாட்டேன் என்கிறார். எப்படிப் புரியவைப்பது சார்? பழைய செருப்பை எப்போது மாற்ற வேண்டும் என்பதையும் சொல்லுங்கள்.
- ஒரு வாசகி, குடியாத்தம்

பதில்: அம்மா சொல்வது உண்மைதான். அது தொழுநோயாளிகளுக்காக வந்த செருப்பு. அதை மறைக்காமல், முழுக் கதையையும் அவரிடம் சொல்லுங்கள். நம் வேலூரில் நடந்த கதை.

தொழுநோய்க் கிருமியை நார்வேயில் ஹான்சன் 1873-லேயே கண்டுபிடித்துவிட்டார். ஆனாலும் விரல்கள் ஏன் குட்டையாகிப் போகின்றன என்று கேட்டால், நோய் வந்த சதை தானாக அழுகி உதிர்கிறது என்றுதான் அதற்கப்புறமும் வெகுகாலம் டாக்டர்களே நம்பினார்கள். கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட் என்ற அறுவைச் சிகிச்சை நிபுணர் 1946-ல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்தார். நோயாளிகளின் கைகளில் அறுவை செய்தபோது, தையல் போட்ட இடம் மற்றவர்களுக்கு ஆறுவது போலவே ஆறியது. அழுகும் சதை எப்படி ஆறும்?

ஒருநாள் துருப்பிடித்த பூட்டு ஒன்று அவருக்குத் திறக்கவில்லை. பக்கத்தில் நின்ற நோயாளிச் சிறுவன் சாவியை வாங்கி ஒரே திருகில் திறந்துவிட்டான். தரையில் ரத்தச் சொட்டு. கையைப் பிடித்துப் பார்த்தால், சாவி அவன் விரலை எலும்பு வரை வெட்டியிருந்தது. அவனுக்கு அது தெரியவே இல்லை. சிலருக்கு ராத்திரியோடு ராத்திரியாக விரல் குறைந்துபோவது ஏன் என்று விழித்திருந்து பார்த்தார்கள். தூங்குகிறவர்களின் மரத்த விரல்களை எலி கடித்துக்கொண்டிருந்தது! அப்புறம் நோயாளிகளுக்குப் பூனை கொடுத்தார்கள்.

கிருமி நரம்பைக் கெடுக்கிறது, வலி போய்விடுகிறது. வலி இல்லாததால் காயத்தின் மேலேயே நடக்கிறார்கள், சுடுபாத்திரத்தைப் பிடிக்கிறார்கள். புண் சீழ் பிடித்து, எலும்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. இது புரிந்ததும் அறுவைக் கத்திக்குச் சமமாகச் செருப்பும் முக்கியமாகிவிட்டது. சர்க்கரையும் பலருக்குக் கால் நரம்பை இப்படித்தான் மரக்க வைக்கிறது. 1966-ல் அமெரிக்காவின் லூசியானாவுக்குப் போன பிராண்ட், இங்கே கற்றதைச் சர்க்கரை நோயாளிகளின் கால்களுக்கும் பயன்படுத்தினார்.

என் அப்பாவுக்கும் சர்க்கரை. ஒரு சாயங்காலம் சந்தையிலிருந்து வந்து திண்ணையில் உட்கார்ந்தார். செருப்பில் பிசுபிசுவென்று ரத்தம். அடி அட்டையைத் துளைத்து ஓர் ஆணி அரை அங்குலம் மேலே வந்திருந்தது. காலையிலிருந்து அதன் மேலேயே நடந்திருக்கிறார். "கல்லு இருந்த மாதிரிகூடத் தெரியலைடா" என்றார். அவர் கால் பிழைக்கவில்லை. எம்.சி.ஆர். என்ற பெயரை அப்போது எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

நல்ல எம்.சி.ஆர். செருப்பில் ஆணியே இருக்காது, ஒட்டியோ தைத்தோ இருப்பார்கள். மேலே மெத்தென்ற ரப்பர் பாரத்தைப் பரப்பிவிடும், கீழே கெட்டி ரப்பர் முள்ளைத் தடுக்கும். மரத்த காலிலிருந்து நழுவுவது தெரியாது என்பதால் குதிகாலுக்குப் பின்னால் வார் கட்டாயம் வேண்டும். போடும் முன் உள்ளே கைவிட்டுத் தடவச் சொல்லுங்கள். ராத்திரி உள்ளங்காலை நீங்களே பாருங்கள். ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குப் போவதென்றால் வெயில் ஏறுமுன் போகட்டும். சித்திரை வெயிலில் அந்தக் கல் சுடுவது அம்மா காலுக்குத் தெரியாது.

மாற்றுவது எப்போது என்று கேட்டீர்கள். குதிகாலும் பெருவிரல் அடியும் படும் இடத்தைக் கட்டைவிரலால் அழுத்திவிட்டு எடுங்கள். குழி உடனே எழும்ப வேண்டும். அப்படியே பள்ளமாக நின்றால் புதிதாக வாங்கிவிடுங்கள்.