சைரன் அடித்தால் பீடோங்கில் யாருக்கு வேலை?

கெடா மாநிலத்தின் கோத்தா குவாலா மூடா கடற்கரைக்கும் நம்ம பீடோங்குக்கும் நடுவே செம்பனை, ரப்பர், கொஞ்சம் நெல்வயல். சுனாமி அலை இங்கே வராது. கரையிலிருந்து தப்பி ஆட்கள் வருவார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஆலய மண்டபத்தில் கேட்கப்பட்ட கேள்விகளும் அவற்றுக்குச் சொன்ன பதில்களும் இவை.

தோட்டக் கிராணி: நமக்கும் இந்தியப் பெருங்கடலுக்கும் நடுவே சுமத்ரா நிற்கிறது. 2004-இல் அலை எப்படி வந்தது? எச்சரிக்க நேரமே இல்லையா?

சுமத்ரா மறைத்தது உண்மைதான். ஆனால் நில அதிர்வில் கடற்தரையில் விழுந்த பிளவு சுமத்ராவின் வடக்கிலுள்ள அச்சேயோடு நிற்காமல் அந்தமான் வரை 1,200 கிலோமீட்டருக்கு மேல் ஓடியது. அதனால் அலை சுமத்ராவின் வடமுனையைச் சுற்றிக்கொண்டு மலாக்கா நீரிணைக்குள் நுழைந்தது. நேரத்தைக் கேட்டால் வயிறு எரியும். நில அதிர்வு நம் கடிகாரப்படி காலை 8.58. பினாங்குக் கரையில் அலை ஏறியது பகல் 1 மணிக்குப் பிறகு. சுனாமியின் வேகம் ஆழத்தைப் பொறுத்தது. 4,000 மீட்டர் ஆழத்தில் மணிக்கு 700 கி.மீ.க்கு மேல், 60 மீட்டர் ஆழத்தில் 90-க்கும் கீழ். நீரிணை ஆழமில்லாதது, அலையும் நடைபோட்டுத்தான் வந்தது. கையில் நான்கு மணி நேரம் இருந்தும் சொல்ல ஆளில்லை. மலேசியாவில் 68 பேர் இறந்தார்கள், அதில் 52 பேர் பினாங்கில். விடுமுறை ஞாயிறு வேறு, கடற்கரை நிறையக் குடும்பங்கள்.

தோட்ட மண்டோர்: இப்போதுதான் சைரன் தூண் இருக்கிறதே ஐயா?

இருக்கிறது. தேசியச் சுனாமி எச்சரிக்கை மையம் 2005-இல் வானிலைத் துறையின்கீழ் வந்தது, கரையோரத்தில் சைரன்களும் நட்டார்கள். ஆனால் தூண் நிற்பதை வைத்துச் சைரன் கேட்கும் என்று முடிவுகட்ட முடியாது. 30 மீட்டரில் 120 டெசிபல் தரும் சைரன், தூரம் இரட்டிக்க இரட்டிக்க 6 டெசிபல் இழக்கும். ஒரு கிலோமீட்டரில் காகிதக் கணக்குப்படி 90. எதிர்க்காற்று, மரம், கட்டடம் எல்லாம் அதையும் தின்னும். அடைமழையில் தகரக் கூரைக்கடியில் இருப்பவருக்குக் கேட்பது சந்தேகம்.

பெட்டிக்குள் இருக்கும் மின்கலம் இன்னொரு சங்கடம். சும்மா இருக்கும்போது மீட்டர் வைத்தால் 12.6 வோல்ட் காட்டும். பார்த்தவர் "நல்லா இருக்கு" என்று எழுதிவிட்டுப் போவார். சைரனை முழுச் சத்தத்தில் 30 விநாடி ஊதவிட்டு, ஊதும்போதே அளக்க வேண்டும். 10.5-க்குக் கீழே விழுந்தால் மின்கலம் செத்தது, மாற்றுங்கள். உப்புக்காற்றில் முனைகள் பச்சை பூத்து, மின்சாரம் போகும் வழியே அடைந்துவிடுவதும் உண்டு. சத்தமில்லாமல் செய்யும் சோதனையில் இவை எதுவும் தெரியாது.

ஆகவே சைரனை மட்டும் நம்பாதீர்கள். கரையோரத்தில் பள்ளிவாசலுக்கும் கோயிலுக்கும் ஒலிபெருக்கி உண்டு. அங்கே ஒரு கைப்பிடி மெகாபோனும் இருக்கட்டும். உதிரி மின்கலங்களை அதற்குள் போட்டு வைக்காமல் தனிப்பையில் வையுங்கள், ஒழுகிக் கெடுத்துவிடும்.

தமிழ்ப்பள்ளி ஆசிரியை: கடல் உள்வாங்கினால் ஓடு என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். போதுமா?

பாதிதான் டீச்சர். அலையின் பள்ளம் முதலில் வந்தால் கடல் உள்வாங்கும், முகடு முதலில் வந்தால் வாங்காது. 2004-இல் பிளவுக்குக் கிழக்கே தாய்லாந்தில் உள்வாங்கியது. மேற்கே இலங்கைப் பக்கம் பல இடங்களில் நேராக ஏறியது. உள்வாங்கினால் ஓடு என்பது சரி. உள்வாங்கவில்லை என்று நிற்காதே என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். முதல் அலை போனதும் மீன் பொறுக்க இறங்கக்கூடாது என்பதை இரண்டு தடவை சொல்லுங்கள். அலைகள் வரிசையாக வரும், பின்னால் வருவது பெரிதாகவும் இருக்கலாம். அதிகாரிகள் முடிந்தது என்று சொல்லும்வரை திரும்பக்கூடாது.

ஆற்றங்கரையும் கடற்கரைக் கணக்குத்தான். 2011-இல் ஜப்பானின் கிடாகாமி ஆற்றில் சுனாமி 49 கி.மீ. மேலேறியது. நம்ம அலை அவ்வளவு இருக்காது. ஆனாலும் மூடா ஆறோ மெர்போக் ஆறோ, பாலத்தில் நின்று வேடிக்கை பார்ப்பது வேண்டாம்.

பாலிடெக்னிக் மாணவர்: கடலில் மிதவை போட்டிருக்கிறார்களாமே, அதுவே கண்டுபிடிக்காதா?

கண்டுபிடிக்கும் தம்பி. ஆனால் வேலை செய்வது மிதவையல்ல, கடலடியில் கிடக்கும் அழுத்தமானி. மேலே ஓடும் நீரின் எடை கூடினால் அது உணரும். எதிர்பார்த்த அளவிலிருந்து 3 சென்டிமீட்டர் விலகினாலே விழித்துக்கொள்ளும். ஒலி வழியே மிதவைக்குச் சொல்லும், மிதவை துணைக்கோளுக்குச் சொல்லும். 2004-இல் இந்தியப் பெருங்கடலில் அப்படி ஒன்றுகூட இல்லை. பிறகு போட்டார்கள். இந்தோனேசியா போட்டவை பராமரிப்பின்றியும் சேதப்படுத்தப்பட்டும் 2012-க்குப் பிறகு செயலிழந்தன. மீன் கூடும் இடம் என்று மிதவையில் படகைக் கட்டி இழுப்பவர்களும் உண்டு. வாங்கும் செலவைவிடக் காப்பாற்றும் செலவு பெரிது, அதற்குப் பட்டியலில் எப்போதும் கடைசி இடம்.

நில அதிர்வு இல்லாமலும் சுனாமி வரும். 2018 டிசம்பர் 22-இல் அனாக் கிரகாதாவ் எரிமலையின் சரிவு கடலில் விழுந்தபோது எந்த எச்சரிக்கையும் போகவில்லை, 400-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

மளிகைக் கடைக்காரர்: 2012-இல் நில அதிர்வு 8.6 என்றார்கள், எல்லாரும் அலறி ஓடினோம், ஒன்றும் வரவில்லை. இனி யார் ஓடுவார்?

அந்த ஏப்ரல் 11-இல் கடற்தரை மேலே தூக்கவில்லை அண்ணே, பக்கவாட்டில் நழுவியது. நீரைத் தூக்கினால்தான் பெரிய அலை. இது முதல் நிமிடங்களில் தெரியாது, நில அதிர்வின் அளவே சரியாகத் தெரியாது. 2004-இல் ஹவாயில் உள்ள சுனாமி எச்சரிக்கை மையத்தின் முதல் கணிப்பு 8.0, உண்மையில் 9.1. தப்பாக ஓடினால் போவது அரை நாள் வியாபாரம், அவ்வளவுதான். வானிலைத் துறை "தியாடா அஞ்சாமான் சுனாமி" என்று போட்டிருந்தால் சுனாமி மிரட்டல் இல்லை என்று பொருள். புலனத்தில் (வாட்ஸ்அப்) வரும் படத்தைப் பார்த்துப் பதறாமல் தேதியையும் நேரத்தையும் பாருங்கள். பழைய படம்தான் அதிகம் சுற்றுகிறது.

ஆலயத் தலைவர்: கரையிலிருந்து ஆள் வந்தால் நம்ம மண்டபத்தில் 200 பேரை வைக்கலாம்தானே?

கல்யாணத்துக்கு வைக்கலாம். படுக்க வைக்க முடியாது. ஒருவருக்கு 3.5 சதுர மீட்டர் வேண்டும். 12-க்கு 18 மீட்டர் மண்டபம் 216 சதுர மீட்டர், 60 பேர்தான் கணக்கு. மிச்சப் பேருக்கு இப்போதே பள்ளியையும் பாலாய் ராயாவையும் (ஊர்ப் பொதுமண்டபம்) பேசி வையுங்கள்.

தண்ணீர் குடிக்க, சமைக்க, கழுவ எல்லாம் சேர்த்து ஆளுக்கு நாளைக்கு 15 லிட்டர், 60 பேருக்கு 900. உங்கள் 200 கேலன் டாங்கி சரியாக ஒரு நாளைக்கு. கழிவறை 20 பேருக்கு ஒன்று, பெண்களுக்குக் கூடுதலாக. ஜெனரேட்டரை மழைக்குப் பயந்து உள்ளே இழுக்காதீர்கள், அதன் புகையில் மணமே இல்லாத நஞ்சு இருக்கிறது. சன்னலிலிருந்து 20 அடி தள்ளி, மேலே தனிக் கூரை.

வாசலில் ஒரு மேசை, ஒரு நோட்டு. பெயர், அடையாள அட்டை எண், எந்தக் கம்போங், கூட வந்தவர், காணாதவர், இன்சுலினோ டயாலிசிசோ தேவைப்படுபவர். கணினி வேண்டாம், மின்சாரம் போனால் பட்டியலும் போகும். மண்டபத்தை மாவட்ட அலுவலகத்தில் தற்காலிக நிவாரண மையமாக முன்கூட்டியே பதிந்தால்தான் சமூகநல இலாகாவின் அரிசியும் பாயும் நேரத்தில் வரும்.

லோரி ஓட்டுநர்: தோட்ட லோரியை அனுப்பி ஆட்களை ஏற்றி வரலாமா?

அலை வரும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே லோரி திரும்பும் வழியில் இருக்க முடியுமானால் அனுப்புங்கள், முடியாவிட்டால் வேண்டாம். 2012-இல் பண்டா அச்சேயில் வாகனங்கள் சாலையிலேயே சிக்கி நின்றன. நடக்க முடிந்தவர் நடக்கட்டும். லோரி முதியவருக்கும் நோயாளிக்கும்.

ஆலயச் செயலாளர்: சதுப்புக்காடு தடுக்காதா?

அகலமான காடு அலையின் வேகத்தைக் குறைக்கும். படம் எடுக்க நட்ட ஒற்றை வரிசை பிடுங்கிக்கொண்டு போகும், அதுவே ஆளை அடிக்கும் கட்டையாகும்.

அதே செயலாளர்: நாளைக்கே செய்ய ஒன்று சொல்லுங்கள்.

மண்டபச் சாவி இப்போது ஒருவரிடம்தான் இருக்கிறது, அவர் வெள்ளிக்கிழமைதோறும் சுங்கைப் பட்டாணி போகிறார். இன்னும் இரண்டு சாவி வெட்டுங்கள். ஒன்று எதிர்க்கடையில், ஒன்று பள்ளிக் காவலாளியிடம்.