ஜாப் கார்டில் ‘கோளாறு இல்லை’ என்று எழுதிவிட்டார்களா?

மன்னார்குடியில் அரிசி மண்டி நடத்தும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். ஐந்து மாதங்களுக்கு முன் 9 லட்சம் ரூபாய்க்கு ஏஎம்டி கார் வாங்கினார். ஆடிட்டர் சொன்னபடி மண்டியின் பெயரிலேயே பதிவு செய்திருக்கிறார். இதுவரை 6,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. சில நாட்களில், குறிப்பாக நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் காத்திருந்து ஊர்ந்து கிளம்பும்போது, வண்டி தானாக நியூட்ரலுக்குப் போய்விடுகிறது. டேஷ்போர்டில் கியர் எழுத்து மின்னுகிறது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் எஞ்சின் மட்டும் இரைகிறது. சாவியை அணைத்து மீண்டும் போட்டால் ஒன்றுமே நடக்காததுபோல ஓடுகிறது. தஞ்சாவூர் சர்வீஸ் சென்டருக்கு மூன்று முறை கொண்டுபோயும், மூன்று முறையும் கோளாறு ஏதுமில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். தவறு தன் ஓட்டுதலில் இருக்கிறதா, புது வண்டி கேட்க முடியுமா, ‘தலைமை அலுவலகத்தில் நம் ஆள் இருக்கிறார், 25,000 ரூபாய் கொடுத்தால் மாற்றித் தருகிறேன்’ என்று சொல்பவரை நம்பலாமா என்று கேட்கிறார்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: நம்ப வேண்டாம். இப்படிப்பட்டவர்கள் எல்லா ஊரிலும் ஷோரூம் வாசலிலேயே இருக்கிறார்கள். வாரண்டியில் எப்படியும் மாற்றித் தந்திருக்கக்கூடிய ஒரு பாகத்தை நிறுவனம் மாற்றிக் கொடுத்ததும், அது தம்மால்தான் நடந்தது என்று சொல்லி மீதிப் பணத்தையும் கேட்பதுதான் இவர்கள் தொழில். வாரண்டியில் பெரிய பாகம் எதையும் மாற்ற நிறுவனத்தின் பொறியாளர் ஒப்புதல் தர வேண்டும், அந்த ஒப்புதல் உங்கள் வண்டியின் சர்வீஸ் பதிவைப் பார்த்துத் தரப்படுகிறதே தவிர, எவருடைய சிபாரிசுக்கும் அல்ல.

இனி வண்டிக்கு வருவோம். ஏஎம்டி என்பது சாதாரண கியர் வண்டிதான். கிளட்சை மிதிப்பதையும் கியரை மாற்றுவதையும் உங்கள் காலும் கையும் செய்யாமல், ஒரு கம்ப்யூட்டரின் கட்டளைப்படி ஆக்சுவேட்டர் என்ற கருவி செய்கிறது. முதல் கியரிலிருந்து இரண்டாவதற்கு மாறும்போது வண்டி லேசாகத் தலையசைப்பது இந்த வகைக்கு இயல்பு. அதைக் கோளாறு என்று எவரிடமும் வாதிட வேண்டாம், வாதிட்டால் உண்மையான குற்றச்சாட்டின் வலுவும் குறைந்துவிடும். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் வண்டி நியூட்ரலுக்குப் போவதும் கியர் எழுத்து மின்னுவதும் எந்த ஓட்டுநரின் பழக்கத்தாலும் ‘இயல்பு’ ஆகிவிடாது. ஊர்ந்து செல்லும்போது கிளட்ச் பாதி பிடித்தும் பாதி விட்டும் உரசுவதால் சூடேறுகிறது. அந்தச் சூட்டில் மட்டும் தலைகாட்டும் கோளாறுகள் உண்டு. ஆக்சுவேட்டரின் அழுத்தக் குறைவு, கியர் எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லும் சென்சார், தளர்ந்த கனெக்டர், சரியாக முறுக்கப்படாத எர்த் வயர் ஆகியவற்றில் ஏதோ ஒன்றாக இருக்கலாம். கம்ப்யூட்டருக்குச் சந்தேகம் வந்தால் அது கியரை விட்டுவிடும். சாவியை அணைத்துப் போட்டால் புதிதாகக் கணக்குத் தொடங்கும், வண்டி ஓடும். ஆகவே ‘இப்போது நன்றாக ஓடுகிறதே’ என்ற வாதம் எதையும் நிரூபிப்பதில்லை.

கவனிக்க வேண்டியது, அந்தக் கம்ப்யூட்டர் சந்தேகப்பட்ட ஒவ்வொரு முறையும் ஒரு கோளாறுக் குறியீட்டை எழுதி வைக்கிறது என்பதுதான். பல வண்டிகளில் அப்போதைய வேகம், எஞ்சின் சுற்று, வெப்பம் ஆகியவையும் அதோடு பதிவாகின்றன. ஆனால் இந்தப் பதிவு நிலையானது அல்ல. கோளாறு திரும்ப வராமல் எஞ்சின் பல முறை, பெரும்பாலும் 40 முறை, சூடாகி ஆறினால் அது தானாகவே அழிந்துபோகும். இந்தக் குறியீட்டைப் படிக்கும் ஸ்கேனர் வைத்திருக்கும் எவரும் ஒரு பொத்தானை அழுத்தி அழித்துவிடலாம். பேட்டரியைக் கழற்றி மாட்டினாலும் சில வண்டிகளில் போய்விடும்.

அதனால்தான் வெளி மெக்கானிக்கிடம் போகவே போகாதீர்கள் என்று நான் ஓயாமல் சொல்கிறேன். புது பஸ் ஸ்டாண்டுப் பக்கம் 500 ரூபாய்க்கு ஸ்கேன் செய்து, ‘எர்ரர் எல்லாம் கிளியர் பண்ணிட்டேன் சார்’ என்று சொல்லி அனுப்புகிறவர் உங்களுக்கு உதவவில்லை. உங்கள் கையில் இருந்த ஒரே சாட்சியை அழித்திருக்கிறார். அடுத்த நாள் கம்பெனி சர்வீஸ் சென்டரில் ஸ்கேனரைச் செருகினால் திரை சுத்தமாக இருக்கும், ‘வெளியாள் கை வைத்திருக்கிறார்’ என்ற குறிப்பும் சேர்ந்துகொள்ளும். ரிவர்ஸ் கேமராவுக்கும் ஃபாக் விளக்குக்கும் வயரை வெட்டி ஒட்டும் ஆக்சஸரி கடைகளும் இதே ரகம்தான். வாரண்டியை மறுக்க நிறுவனத்துக்கு இதைவிட வசதியான காரணம் கிடைக்காது.

நம் பகுதிக்கே உரிய ஒரு சங்கடமும் உண்டு. சம்பா அறுவடை முடிந்து வீட்டைச் சுற்றி வைக்கோல் போர் ஏறும் தை, மாசியில் வயல் எலிகள் கார் எஞ்சினுக்குள் குடியேறுகின்றன. பானெட்டைத் திறந்து, பேட்டரித் தட்டில் புழுக்கை இருக்கிறதா, வயர்க்கட்டின் மேல் சுற்றிய கறுப்பு டேப் குதறப்பட்டுச் செம்புக் கம்பி பளிச்சென்று தெரிகிறதா என்று பாருங்கள். சாலையில் காயப்போட்ட உளுந்துச் செடியின் மேலும் வைக்கோலின் மேலும் ஓட்டியிருந்தால், சக்கரத்தின் உட்புறம் அது சுற்றிக்கொண்டு அங்கே போகும் சென்சார் வயரை இழுத்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பல வண்டிகளில் சக்கரத்தின் வேகத் தகவலையும் கியர் கம்ப்யூட்டர் பயன்படுத்திக்கொள்கிறது. எலி கடித்தது வாரண்டியில் வராது. எதுவும் கடிக்கவில்லை என்றால், அதைத் தேதியோடு புகைப்படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் எலியின் மேல் பழி வராது.

சர்வீஸ் சென்டரில் நீங்கள் கேட்க வேண்டியதை இனி வரிசையாகச் சொல்கிறேன். புகாரை வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். பல இடங்களில் புகாரைப் பதிவு செய்யும் சர்வீஸ் அட்வைசரின் திரையில் இருக்கும் புகார்ப் பட்டியலில் உங்கள் கதைக்கு இடமில்லை. அவர் ‘பொதுப் பரிசோதனை’ என்று ஒரு தட்டுத் தட்டிவிட்டு அடுத்த டோக்கனை அழைப்பார். ‘நிறுத்தி ஊர்ந்து கிளம்பும்போது வண்டி தானாக நியூட்ரலுக்குப் போகிறது, கியர் எழுத்து மின்னுகிறது’ என்று உங்கள் சொற்களிலேயே, தேதி, இடம், ஓடோமீட்டர் எண் ஆகியவற்றுடன் ஜாப் கார்டில், அதாவது வண்டியை ஒப்படைக்கும்போது புகார்களை எழுதும் தாளில், எழுதினால்தான் கையெழுத்துப் போடுவேன் என்று சொல்லுங்கள். அழிப்பதற்கு முன்பு ஸ்கேன் அறிக்கையின் நகலோ, குறைந்தது திரையின் புகைப்படமோ வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த முறை கோளாறு வரும்போது பக்கத்தில் இருப்பவரைச் செல்போனில் டேஷ்போர்டைப் படமெடுக்கச் சொல்லுங்கள். ஓட்டுகிறவர் எடுக்கக் கூடாது. அந்த நேரத்தில் ஆக்சிலரேட்டரைத் திரும்பத் திரும்ப மிதிக்காமல், பிரேக்கில் நின்று, ஹசார்டு விளக்கைப் போட்டு, லீவரை ‘என்’னுக்குக் கொண்டுபோய் மீண்டும் ‘டி’க்கு மாற்றிப் பாருங்கள். கேட்டின் தண்டவாளத்தின் மேல் மட்டும் முன்வண்டியை ஒட்டி ஏறாதீர்கள். எதிர்ப்பக்கம் இடம் காலியான பிறகே கடக்க வேண்டும்.

வண்டியை நிறுத்திவிட்டு ஆறிய பிறகு சோதித்தால் எதுவும் தெரியாது. டெக்னீஷியனைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஸ்கேனரை இணைத்துப் பதிவு ஓடும்படி வைத்து, உங்களுக்குக் கோளாறு வந்த அதே நெரிசலில் நீங்களே ஓட்டிக் காட்ட வேண்டும். நேரமில்லை என்றால் வண்டியை அவர்களிடம் சில நாட்கள் விட்டுவிட்டு, விட்டதற்கு எழுத்தில் ஒப்புகை வாங்குங்கள்.

வண்டியைத் திருப்பித் தரும்போது ‘திருப்திகரமாகப் பெற்றுக்கொண்டேன்’ என்று ஒரு தாளை நீட்டுவார்கள். அதில் ‘கோளாறு தீரவில்லை, என் புகார் நிலுவையில் உள்ளது’ என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். மறுநாள் நிறுவனத்திலிருந்து போன் வரும். பத்துக்குப் பத்து மதிப்பெண் கொடுங்கள், இல்லையென்றால் என் இன்சென்டிவ் போய்விடும் என்று அட்வைசர் முன்கூட்டியே கெஞ்சுவார். பாவம் பார்த்துப் பத்து என்று சொன்னீர்களானால், அது நிறுவனத்தின் பதிவில் திருப்தியான வாடிக்கையாளரின் சான்றிதழாகிவிடும். ஒரு வண்டியைச் சரிசெய்வதைவிட மதிப்பெண்ணைச் சரிசெய்வதில் இத்தனை அக்கறை காட்டும் ஏற்பாட்டை யார் கண்டுபிடித்தார்களோ தெரியவில்லை.

புது வண்டி கிடைக்குமா என்பதற்கு நேர்மையான பதில், உடனே கிடைக்காது என்பதுதான். திரும்பத் திரும்பப் பழுதாகும் புதுக் காரை மாற்றித் தர வேண்டும் என்று அமெரிக்க மாநிலங்களில் இருப்பதைப் போன்ற தனிச்சட்டம் நம் நாட்டில் இல்லை. கிளட்ச் சம்பந்தமான ஒரு கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006-இல் சொன்னதன் சாரம், வாரண்டி என்பது குறையுள்ள பாகத்தை மாற்றித் தருவதற்கான வாக்குறுதி, முழு வண்டிக்கானது அல்ல என்பதே. எனவே முதலில் ஆக்சுவேட்டரையோ கிளட்சையோ கியர் கம்ப்யூட்டரையோ மாற்றக் கோருங்கள். மாற்றிய பாகத்துக்குக் கூடுதல் வாரண்டியை எழுத்தில் கேளுங்கள். டீலருக்கு மட்டுமல்லாமல் உற்பத்தியாளருக்கும் மின்னஞ்சலும் ஒப்புகையுடன் தபாலும் அனுப்புங்கள். பதிவுத் தபால் 2025-இல் விரைவுத் தபாலோடு சேர்க்கப்பட்டுவிட்டது. தபால் நிலையத்தில் ஒப்புகையுடன் விரைவுத் தபால் என்றே கேளுங்கள். பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம், கட்டணமில்லை.

அதற்கும் மசியவில்லை என்றால் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. இங்கேதான் உங்கள் வண்டி மண்டியின் பெயரில் இருப்பது குறுக்கே வரும், அதனால் இதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. வணிக நோக்கத்துக்காகப் பொருள் வாங்கியவர் நுகர்வோர் அல்லர் என்று சட்டம் சொல்கிறது. டீலரின் வக்கீல் முதல் நாளே இதைத்தான் எடுப்பார். ஆனால் யார் பெயரில் பில் இருக்கிறது என்பதைவிட, எதற்காக வாங்கப்பட்டது, லாபம் ஈட்டும் நடவடிக்கையோடு அதற்கு நேரடித் தொடர்பு உண்டா என்பதே கேள்வி. ஒரு நிறுவனம் தன் இயக்குநரின் சொந்தப் பயன்பாட்டுக்கு வாங்கிய சொகுசுக் காரை, நிறுவனத்தின் பெயரில் இருப்பதாலேயே வணிக நோக்கம் என்று சொல்ல முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2024 ஜூலையில் தீர்ப்பளித்தது. ஆகவே நீங்களும் குடும்பத்தாரும் ஓட்டும் கார்தான், நெல் மூட்டை ஏற்றுவதில்லை, வாடகைக்கு விடுவதில்லை என்று புகார் மனுவிலேயே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். காரின் தேய்மானத்தை மண்டியின் கணக்கில் செலவாக எழுதியிருந்தால் எதிர்த்தரப்பு அதைத் தோண்டி எடுக்கும். மறைக்காமல், பயன்பாடு சொந்தப் பயன்பாடே என்பதைக் காட்டும் சான்றுகளைச் சேர்த்து வையுங்கள். வண்டியை ஒரு முறையாவது வாடகைக்கு விட்டுவிட்டு இந்த வாதத்தை எடுக்காதீர்கள். சொந்த உழைப்பால் பிழைப்பு நடத்த வாங்கியவருக்கும் சட்டம் விலக்கு அளிக்கிறது என்றாலும், ஆட்கள் வைத்து மண்டி நடத்தும் உங்களுக்கு அதை நம்புவதைவிடச் சொந்தப் பயன்பாடு என்ற வழியே உறுதியானது.

மற்றவை எளிமையானவை. பில்லின் அடியில் ‘சென்னை நீதிமன்ற எல்லைக்கு உட்பட்டது’ என்று அச்சடித்திருந்தாலும் அஞ்ச வேண்டாம். 2020 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் வசிக்கும் திருவாரூர் மாவட்ட ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம். 50 லட்சம் ரூபாய் விலை வரை மாவட்ட ஆணையம் விசாரிக்கும். 9 லட்சம் ரூபாய் வண்டிக்கு மனுக் கட்டணம் 200 ரூபாய்தான். வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. புகாருக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனு தாக்கல் செய்ய வேண்டும். கண்ணால் பார்த்து முடிவு செய்ய முடியாத குறையானால் ஆய்வுக்கு அனுப்ப ஆணையத்தை நீங்கள் கேட்க வேண்டும். கேட்காமல் விட்டுவிட்டு, உற்பத்திக் குறை நிரூபிக்கப்படவில்லை என்று தோற்றவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆய்வு தேவைப்படும் வழக்கை ஐந்து மாதங்களில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. வாய்தா மேல் வாய்தா வாங்கும் நிறுவன வக்கீல்களுக்கு அந்த வரி கண்ணில் படுவதே இல்லை என்பதால், கொஞ்சம் கூடுதலாகவே பொறுத்திருக்கத் தயாராகுங்கள். அதுவரை வண்டியை விற்றுவிடாதீர்கள், ஆய்வுக்கு அது அப்படியே இருந்தாக வேண்டும்.