பெட்டி இருக்க, மெத்தையில் ஏன்?

கேள்வி: எங்கள் வீட்டில் நான்கு வயதுக் கடுவன் பூனை இருக்கிறது. கருத்தடை செய்தாயிற்று. மூன்று மாதங்களுக்கு முன் ஒரு பெட்டைக் குட்டியையும் எடுத்து வந்தோம். ஒரு மாதமாகப் பெரியவன் என் மெத்தையிலும் மடித்துவைத்த துணிகள்மீதும் சிறுநீர் கழிக்கிறான். மலம் மட்டும் ஒழுங்காக, மணல்போன்ற லிட்டர் நிரப்பிய லிட்டர் பாக்ஸில்தான். மூடி போட்ட பெட்டி அது, வாஷிங் மெஷின் பக்கத்தில் இருக்கிறது. நாற்றம் வரக்கூடாதென்று வாசனை கலந்த கிரிஸ்டல் லிட்டருக்கு மாறினோம். பினாயில் போட்டுத் துடைத்தும் திரும்ப அதே இடத்துக்கே வருகிறான். திட்டினால் கட்டிலுக்கடியில் ஓடி ஒளிகிறான். குட்டி வந்த கோபத்தில் பழிவாங்குகிறானா? குட்டியை வேறு யாரிடமாவது கொடுத்துவிட வேண்டுமா?

பதில்: பழியெல்லாம் இல்லை. பூனைக்கு அப்படிக் கணக்கு வைக்கத் தெரியாது. பெட்டிக்குள் போவது அவனுக்கு வலிக்கிறது, அல்லது பிடிக்கவில்லை, அல்லது பயமாக இருக்கிறது. இந்த மூன்றில் ஒன்றோ, மூன்றுமோதான் காரணம். உங்கள் கடிதத்தைப் படித்தால் மூன்றுக்குமே இடம் இருக்கிறது. குட்டியைப் பற்றிக் கடைசியில் பேசுவோம்.

முதலில் வலி. கடுவனின் சிறுநீர்க்குழாய் மிகக் குறுகலானது. சளியும் நுண்கற்களும் சேர்ந்து அதை அடைத்துவிடும். பெட்டிக்குள் அடிக்கடி போய் முக்குவது, சொட்டுச் சொட்டாக வருவது அல்லது வராமலே போவது, கத்துவது, பின்பக்கத்தை விடாமல் நக்குவது, வாந்தி, சோர்வு இவையெல்லாம் அடைப்பின் அறிகுறிகள். முக்குவதைப் பார்த்து மலச்சிக்கல் என்று நினைத்துக் காத்திருப்பவர்கள் நிறைய. அடைத்துக்கொண்டால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பையே நிறுத்திவிடும். ஓரிரு நாளில் உயிர் போகலாம். இவற்றில் எதைப் பார்த்தாலும் நடுராத்திரியானாலும் மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள், விடியட்டும் என்று இருக்காதீர்கள். வலிக்கிறதே என்று வீட்டிலிருக்கும் பாராசிட்டமாலையும் கொடுத்துவிடாதீர்கள். ஒரு மாத்திரை பூனையைக் கொல்லப் போதும்.

இப்படி அவசரம் எதுவும் தெரியாவிட்டாலும் இந்த வாரத்துக்குள் சிறுநீர்ப் பரிசோதனை செய்துவிடுங்கள். சிறுநீர் வெளியே, மலம் உள்ளே என்றால் சிறுநீர்ப்பையைச் சந்தேகிக்க வேண்டும். இந்த வயதில் அதிகம் வருவது, குறிப்பிட்ட காரணம் பிடிபடாத சிறுநீர்ப்பை அழற்சி. மன அழுத்தம் அதைக் கிளப்பிவிடும். புதுக் குட்டி ஒன்று போதும். எரிச்சலோடு கழித்த இடம் பெட்டி என்பதால் பூனை பெட்டியையே வலியோடு முடிச்சுப்போட்டுக்கொள்கிறது, மெத்தென்ற வேறு இடம் தேடுகிறது. இந்த அழற்சி பெரும்பாலும் ஒரு வாரத்தில் தானாகவே அடங்கிவிடும், பிறகு திரும்ப வரும். அதனால்தான் பரிசோதனை இல்லாமல் கொடுக்கப்படும் ஆன்டிபயாடிக் வேலை செய்ததுபோல் தோன்றும். இளம் பூனைகளுக்கு பாக்டீரியா தொற்று வருவது குறைவு. சிறுநீரில் ரத்தம், படிகம், கிருமி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். தேவைப்பட்டால் கல் இருக்கிறதா என்று ஸ்கேன். மாதிரியை வீட்டிலேயே பிடிக்கலாம்: பெட்டியைக் கழுவிக் காயவைத்து, லிட்டருக்குப் பதில் நீரை உறிஞ்சாத பிளாஸ்டிக் மணிகளைக் கொஞ்சம் போட்டுவைத்து, தேங்குவதைச் சிரிஞ்சில் உறிஞ்சி எடுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுபோக முடியாவிட்டால் ஃபிரிட்ஜில் வையுங்கள். கிருமி வளர்த்துப் பார்க்க வேண்டுமென்றால் மட்டும் இந்த மாதிரி உதவாது, மருத்துவரே ஊசியால் எடுப்பார்.

இது எல்லைக்குறியிடுதலாக இருக்குமோ என்று உங்களுக்குத் தோன்றலாம். அது வேறு. அப்போது பூனை நின்றபடி, வாலை உயர்த்தி நடுங்கவிட்டு, சுவரிலோ கதவிலோ கொஞ்சமாகப் பீய்ச்சும். உங்களவன் படுகிடையான இடத்தில் கழிக்கிறான். குளமாகத் தேங்கியிருந்தால் அது குறியிடுதல் அல்ல.

இனிப் பெட்டி. ஒவ்வொரு மாற்றமாகச் செய்து எது காரணம் என்று கண்டுபிடிக்கச் சொல்பவர்கள் உண்டு. எங்களுக்கு அதில் உடன்பாடில்லை. நீங்கள் ஆராய்ந்துகொண்டிருக்கும் ஒவ்வொரு நாளும் மெத்தை அவனுக்குப் பழக்கமாகிக்கொண்டிருக்கும். எல்லாவற்றையும் ஒரே நாளில் சரிசெய்யுங்கள்.

கடைகளில் விற்கும் பெட்டிகளில் பெரும்பாலானவை வளர்ந்த பூனைக்குச் சிறியவை. மூக்கு முதல் வால் தொடங்கும் இடம்வரை அளந்து, அதைப்போல் ஒன்றரை மடங்கு நீளம் வேண்டும். 45 செ.மீ. பூனைக்கு 65 முதல் 70 செ.மீ. துணி போட்டுவைக்கும் பெரிய பிளாஸ்டிக் டப்பாவே இதற்கு மேல். மூடியை எடுத்துவிட்டு, ஒரு பக்கத்தில் தரையிலிருந்து 12 செ.மீ. உயரம் விட்டு வாசல் வெட்டுங்கள். வெட்டிய விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்கிவிடுங்கள், இல்லையென்றால் வயிற்றில் கீறும். மற்ற மூன்று பக்கமும் உயரமாக இருப்பதால் லிட்டர் வெளியே சிதறாது. மூடிய பெட்டியைப் பொருட்படுத்தாத பூனைகளும் இருக்கின்றன. ஆனால் மூடி நாற்றத்தை நம் மூக்குக்கு மறைத்து அதன் மூக்குக்குச் சேர்த்துவைக்கிறது, நாமும் அள்ள மறக்கிறோம். அதைவிட முக்கியம், உள்ளே இருக்கும் பூனைக்கு வெளியேற ஒரே வழி. அந்த வழியில் ஐந்தாறு மாதக் குட்டி பாயத் தயாராக உட்கார்ந்திருந்தால் பெரியவன் உள்ளே போவானா?

எண்ணிக்கை: பூனைகளைவிட ஒன்று கூட. உங்களுக்கு மூன்று. மூன்றையும் ஒரே சுவரோரம் வரிசையாக வைத்தால் பூனைக்கு அது ஒரே கழிப்பிடம்தான், வெவ்வேறு அறைகளில் வையுங்கள். சாப்பாடு, தண்ணீர்க் கிண்ணங்கள் பக்கத்தில் வேண்டாம். வாஷிங் மெஷின் பக்கத்தில் வேண்டவே வேண்டாம். மெஷின் தண்ணீரைச் சுழற்றத் தொடங்கும் நேரத்தில் ஒரே ஒரு முறை உள்ளே இருந்திருந்தாலும் போதும், அந்த மூலையை அவன் மறக்கமாட்டான். இரண்டு பக்கம் பார்வை தெரிகிற, ஆள் நடமாட்டம் குறைந்த மூலை நல்லது.

லிட்டர்தான் உங்கள் வீட்டில் பெரிய குற்றவாளியாக இருக்கலாம். லவண்டர் மணம் நமக்காகச் சேர்க்கப்படுவது. கிரிஸ்டல் மணிகள் பாதத்தில் குத்தும், சிறுநீர் பட்டால் சடசடவென்று சத்தமும் போடும். வாசனை இல்லாத, பொடி மணல்போன்ற, சிறுநீர் பட்டால் கட்டி பிடிக்கும் லிட்டரை 5 முதல் 7 செ.மீ. ஆழத்துக்குப் போடுங்கள். இதைவிடக் குறைந்தால் சிறுநீர் அடிவரை இறங்கி அப்பிக்கொள்ளும், கட்டி உடையும், சுரண்டியெடுத்தாலும் நாற்றம் நிற்கும்.

பிடித்திருக்கிறதா என்று அவன் கால்களே சொல்லிவிடும். பிடித்த லிட்டரில் பூனை முதலில் முகர்ந்து, குழி தோண்டி, திரும்பி உட்கார்ந்து, முடித்ததும் நிதானமாக மூடும். பிடிக்காதபோது முன்னங்கால்களைப் பெட்டி விளிம்பில் ஊன்றி நிற்கும், பாதத்தை உதறும், லிட்டரைத் தொடாமல் பெட்டியின் சுவரையோ பக்கத்துத் தரையையோ பிறாண்டும், முடித்த கையோடு துள்ளி ஓடும். சந்தேகமிருந்தால் ஒரே மாதிரி இரண்டு பெட்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வெவ்வேறு லிட்டர் போட்டு, ஒரு வாரம் கட்டிகளை எண்ணுங்கள். இரண்டு மூன்று நாளுக்கொருமுறை இடம் மாற்றிவையுங்கள், இல்லாவிட்டால் லிட்டரைத் தேர்ந்தெடுத்தானா மூலையைத் தேர்ந்தெடுத்தானா என்று தெரியாது.

தினம் இருமுறை அள்ளுங்கள். மாதத்துக்கு ஒருமுறை முழு லிட்டரையும் கொட்டி, மணமில்லாத சோப்பும் வெந்நீரும் போட்டுக் கழுவிக் காயவையுங்கள். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் இந்த வேலை வேறொருவருடையது. அவரே செய்தாக வேண்டுமென்றால் கையுறையோடு, தவறாமல் தினமும். மலத்தில் இருக்கக்கூடிய, கருவைப் பாதிக்கும் டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும்.

மெத்தைக்கு வருவோம். பூனைச் சிறுநீரில் இருக்கும் யூரிக் அமிலம் படிகமாகி நாரில் ஒட்டிக்கொள்கிறது. தண்ணீரிலும் சோப்பிலும் அது சரியாகக் கரையாது. நமக்கு நாற்றம் போய்விட்டதாகத் தோன்றினாலும் அவனுக்கு அது கழிப்பிடம் என்றே மணக்கும். பினாயில் மேலே இன்னொரு வாசனையைப் பூசுகிறது, அவ்வளவுதான். தவிர, பீனால் வகைப் பொருள்களை முறிக்கும் திறன் பூனையின் ஈரலுக்குக் குறைவு. காலில் பட்டதை நக்கினால் விஷம். அம்மோனியா கலந்த திரவம் சிறுநீர்போலவே மணக்கும். பிளீச் சிறுநீரோடு சேர்ந்தால் மூச்சடைக்கும் வாயு கிளம்பும். மூன்றையும் ஒதுக்கிவிடுங்கள்.

வேண்டியது, செல்லப்பிராணிச் சிறுநீருக்கென்றே விற்கும் என்சைம் திரவம். ஈரம் இருக்கும்போதே பழந்துணியால் அழுத்தி ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். முன்பு பினாயில் போட்ட இடமானால் வெறும் தண்ணீரால் ஒற்றி அதை முதலில் எடுங்கள், அது என்சைமை முடக்கலாம். மேலே கையகலம் தெரியும் கறை, பஞ்சுக்குள் இறங்க இறங்க விரிந்திருக்கும். ஆகவே மேலாகத் தெளித்துப் பயனில்லை. கறையைத் தாண்டி ஒரு சாண் அகலம்வரை, சிறுநீர் இறங்கிய ஆழத்துக்கு இறங்கும்படி ஊற்ற வேண்டும். என்சைம் ஈரத்தில்தான் வேலை செய்யும். பிளாஸ்டிக் தாளால் மூடி, டப்பாவில் எழுதியிருக்கும் நேரம்வரை விட்டு, பிறகு காற்றில் உலர்த்துங்கள். பழைய கறைகளைக் கண்டுபிடிக்க, இரவில் விளக்கை அணைத்துப் புற ஊதா டார்ச் அடித்தால் மஞ்சளாகவோ பச்சையாகவோ ஒளிரும். உலர்ந்ததும் நீர்புகா உறை போட்டு, படுக்கையறைக் கதவைச் சாத்தியே வையுங்கள். துணியை வெளியே அடுக்காதீர்கள்.

கதவைச் சாத்த வசதியில்லையா? மூன்று பெட்டிகளில் ஒன்றைக் கட்டிலை ஒட்டியே வையுங்கள். அவன் இரண்டு வாரம் தவறாமல் அதைப் பயன்படுத்திய பிறகு, நாளைக்கு ஒரு சாணுக்குமேல் நகர்த்தாமல் நீங்கள் விரும்பும் இடத்துக்குக் கொண்டுபோகலாம். நடுவில் ஒருநாள் தவறினால் முந்தைய இடத்துக்கே திரும்புங்கள்.

திட்டுவதை இன்றோடு விடுங்கள். மூக்கைக் கறையில் தேய்ப்பதும் அப்படித்தான். கட்டிலுக்கடியில் ஒளிகிறான் என்றால் அவன் கற்றுக்கொண்டது, நீங்கள் இருக்கும்போது சிறுநீர் கழிப்பது ஆபத்து என்பதை மட்டுமே. இனி நீங்கள் பார்க்காத இடமாகத் தேடுவான்.

குட்டியைக் கொடுத்துவிட வேண்டியதில்லை. ஆனால் இருவரையும் ஒரு வாரம் பிரித்துவையுங்கள், குட்டிக்குத் தனி அறை, தனிப் பெட்டி, தனிக் கிண்ணம். பிரித்திருக்கும் அந்த வாரத்தில் எந்தக் கட்டி யாருடையது என்பதும் தெரிந்துவிடும். பெரியவனுக்குப் பொதுவாக நாளைக்கு இரண்டு முதல் நான்கு நல்ல கட்டிகள் வரவேண்டும். சின்னச் சின்னதாக நிறைய வந்தால் மீண்டும் மருத்துவர். பிறகு கதவின் இருபுறமும் சாப்பாடு வைத்து, துணிகளை மாற்றிப் போட்டு வாசனையைப் பழக்கி, முதலில் சில நிமிடங்கள் மட்டும் சேர்த்துவிடுங்கள். குட்டியைச் சேர்ப்பதற்கு முன் விளையாடவைத்துக் களைக்கச் செய்துவிட்டால் பாய்ச்சல் குறையும். பெரியவன் ஏறி உட்கார உயரமான இடம் ஒன்று, குட்டி எட்டாதபடி. அவனுக்கு ஈரமான உணவைக் கூட்டுங்கள், சிறுநீர் நீர்த்துப்போனால் சிறுநீர்ப்பை எரிச்சலும் தணியும்.

பரிசோதனை முடிவு சரியாக இருந்து, இவ்வளவும் செய்து மூன்று வாரமாகியும் தொடர்ந்தால், பதற்றம் குறைக்கும் மருந்து பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். ஃபுளுவோக்ஸெட்டின் போன்றவற்றைப் பூனைகளுக்கும் கொடுப்பதுண்டு. பலன் தெரிய நான்கைந்து வாரம் ஆகலாம். அளவையும், எப்போது எப்படிக் குறைத்து நிறுத்துவது என்பதையும் அவர்தான் சொல்ல வேண்டும். பெட்டி பழையபடி வாஷிங் மெஷின் பக்கத்திலேயே இருந்தால் அந்த மருந்துக்கும் வேலையிருக்காது.